கிசுகிசுவும் அவதூறும்: சினிமா நாவல் வாசித்த கதை

பத்தாவது லீவில் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் படித்த புத்தகம் ஒரு சினிமா தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டது. எங்கம்மா வேலை செய்த வீட்டில் பழைய பேப்பர்காரனுக்குப் போக இருந்த கட்டிலிருந்து காலனிக்கு வந்தது. முதல் பக்கங்கள் இல்லை. தலைப்பும் இல்லை. ஒரு நடிகை, அவளுடைய அம்மா, ஒரு புரொடியூசர், கடற்கரை ரோட்டில் ஒரு பங்களா. இது போதாதா? ஒரே ராத்திரியில் முடித்தேன். விடிந்ததும் அம்மா முகத்தைப் பார்க்கக் கூசியது. அடுத்த ராத்திரி மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோது இதையெல்லாம் குப்பை என்றார்கள். குப்பை என்று சொன்னவர்களுக்குத்தான் எந்தக் கதையில் எந்த நடிகை என்ற விவரம் சுத்தமாகத் தெரிந்திருந்தது. ரகசியமாகப் படிப்பது, பகிரங்கமாக முகம் சுளிப்பது என்ற இந்த இரட்டை வாழ்க்கையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். படிக்காதீர்கள் என்று புத்தி சொல்வதற்காக அல்ல. அந்த ருசி எனக்கும் பிடிக்கும்.

ருசி எங்கே இருக்கிறது? முதலாவது, ஊகிப்பதில். எழுதியவர் பெயரை மாற்றியிருப்பார், ஆனால் ஒரு மச்சத்தையோ ஒரு காரின் நிறத்தையோ விட்டுவைத்திருப்பார். கண்டுபிடித்துவிட்டால் நாமும் உள் ஆள் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. இரண்டாவது, தண்டனையில். இருநூற்றைம்பது பக்கம் அவளோடு பங்களாவில் குடித்து, கூத்தடித்து, கடைசிப் பத்துப் பக்கத்தில் அவளைத் தூக்க மாத்திரைக்கு அனுப்பிவிட்டு நாம் நல்லவர்களாக வெளியே வந்துவிடலாம். பாவம் அவளுக்கு, ருசி நமக்கு. வாசகரின் குற்ற உணர்வைக் கழுவுவதற்காகவே அந்த நடிகை சாகிறாள். ஆண் நட்சத்திரம் அநேகமாகச் சாவதில்லை. அதிகமாகப் போனால் படம் ஓடாமல் போகும்.

இந்த வியாபாரம் நாவலில் ஆரம்பித்ததல்ல. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நடத்தினார். எழுதுவதற்கு மட்டுமல்ல, எழுதாமல் இருக்கவும் அவருக்குக் காசு வந்தது என்பார்கள். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947இல் விடுதலையானார்கள். இன்றுவரை அந்தக் கொலையைப் பேசுகிறோம், பாகவதரின் சரிவைப் பேசுகிறோம். அந்தப் பத்திரிகைகளில் பெயர் நாறிய பெண்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று பேசியவர்கள் குறைவு.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய நாவலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பே மஞ்சள் பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது, இல்லியா? வேண்டுமென்றே வைத்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆள் இழுக்கும் தலைப்பு. எழுதியவரோ பொட்டுக்கட்டும் மரபுக்குள் வளர்க்கப்பட்டு அதிலிருந்து வெளியே வந்தவர். வாசலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கவிடுகிற அதே உத்திதான். ஆனால் எட்டிப் பார்க்கிற ஆளின் சட்டையையும் பிடிக்கிறார். சொத்தைக் கொண்டுவந்து கொட்டும் மைனர், இதைத் தெய்வத் தொண்டு என்று சொல்லும் சாஸ்திரம், காசு எண்ணும் கிழவி என்று ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வருகிறார்கள். தலைப்பு வலையைத் தாசிகள் தலையில் கட்டுகிறதே என்று எனக்கு இன்னும் ஒரு சண்டை உண்டு. இருந்தாலும், பிறகு வந்த சினிமா நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அம்மாவின் துணிச்சலில் கால்வாசிகூட இல்லை.

ஜெயகாந்தன் 1972இல் எழுதிய 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். தனிக் கட்சி ஆரம்பித்த வருஷம் அது. ரிக்ஷா இழுக்கும் செல்லமுத்து, அவன் பெண்டாட்டி கம்சலை. அவளுக்குத் திரை நாயகன்மேல் மயக்கம், அதனால் அவள் வாழ்க்கையே சீரழிகிறது. அக்கறையோடுதான் எழுதினார் ஜெயகாந்தன், சேரிப் பேச்சை அவரைப்போல் காதுகொடுத்துக் கேட்டவர்கள் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. மயிலாப்பூரில் ஈசிசேரில் சாய்ந்து சினிமா நாவல் படிப்பவருக்கு அது 'கொஞ்சம் மட்டமான பொழுதுபோக்கு'. படித்துவிட்டு காபி குடிக்கப் போய்விடலாம். சித்தாள் பொம்பளை அதே கனவைத் திரையில் பார்த்தால் குடும்பம் அழிந்து போகுமா? சிலருக்கு ஆசை சபலம், சிலருக்கு ஆசையே நாசம் என்று யார் பங்கு பிரித்தது? எங்கள் காலனிப் பொம்பளைகள் நாள் பூரா நாற்று நட்டுவிட்டு ராத்திரி ஆட்டம் பார்த்து, திரும்பி வரும்போது வழிநெடுக ஹீரோவைக் கிண்டலடித்துக்கொண்டு வந்தவர்கள். மயங்கவும் தெரியும், சிரிக்கவும் தெரியும். அந்தச் சிரிப்பு அந்த நாவலில் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் எழுத முடியாது. சித்தி ரெக்கார்டு டான்ஸ் ஆடியவர். திருவிழாவுக்குத் திருவிழா டெம்போவில் ஏறிப் போய், விடிய விடிய ஆடிவிட்டு, முகத்துப் பவுடர் கலையாமல் காலையில் வந்து திண்ணையில் படுத்துக்கொள்வார். டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். யார் கூட்டிட்டுப் போனான், எங்கே தங்கினா, எவ்ளோ வாங்கினா. தலையணைக்கடியில் நான் படித்த அதே வாக்கியங்கள். நடிகையைப் பற்றி எழுதினால் கிசுகிசு, காசு கொடுத்து வாங்குகிறோம். சித்தியைப் பற்றிப் பேசினால் அவதூறு, அதை எங்கள் வீடு சுமக்க வேண்டும். நடிகைக்கு அந்தக் கிசுகிசு சில சமயம் விளம்பரமாகவும் ஆகும். சித்திக்கு ஆனது ஒன்றுதான், பார்த்துவைத்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை.

'அவளுங்க காருல போறாளுங்க, நான் டெம்போவுல போறேன். பேசுற வாயி ஒண்ணுதான்' என்று சித்தி சிரிப்பார்.

பி.கே. ரோசியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலையாளத்தின் முதல் படம் என்று சொல்லப்படும் 'விகதகுமாரன்' படத்தில் ஜே.சி. டேனியல் அவரை நாயகியாக்கினார். புலையர் சாதிப் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். அதுதான் குற்றம். திருவனந்தபுரத்தில் படம் காட்டியபோது கலவரம். குடிசைக்குத் தீ வைத்தார்கள். லாரி ஏறித் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, வேறு பெயரில், ரோசி என்பதையே மறைத்து வாழ்ந்து முடித்தார். கள்ளக்காதல் இல்லை, பங்களா இல்லை, மாத்திரை இல்லை. மேல்சாதிப் பெண்ணாக வேஷம் கட்டியதே அங்கே அவதூறுக்குப் போதுமாக இருந்தது. அவரைப் பற்றி வினு ஆபிரகாம் நாவல் எழுதவும், 2013இல் 'செல்லுலாய்டு' படம் வரவும் எத்தனை காலம் ஆனது! சினிமா உலகத்தின் அழுக்கை வெளியே கொண்டுவருகிறோம் என்று சத்தியம் பண்ணுகிற நாவல்களில் இந்த அழுக்கு மட்டும் ஏன் வருவதில்லை? சாதி கிசுகிசு ஆகாது. அது படிக்கிறவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் இருக்கிறதே.

போன வருஷம் சித்திக்குக் கண் புரை ஆபரேஷன். படுத்திருந்தவருக்குப் பொழுது போக வேண்டுமென்று பழைய மாத நாவல் ஒன்றைப் படித்துக் காட்டினேன். குரூப் டான்ஸ் பெண் ஒருத்தி, கதாநாயகன் கண்ணில் படுகிறாள், ஓட்டல் அறை என்று போனது. சித்தி கண்ணில் கட்டோடு கேட்டுக்கொண்டே இருந்தார். அறைக்கதவு சாத்துகிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

'ஏங்கண்ணு, அதெல்லாம் இருக்கட்டும். காலையில இருந்து வெயில்ல ஆடினாளே, அதுக்குக் கூலி குடுத்தானா இல்லியா? அத மொதல்ல படி.'

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புடவை நிறம் இருந்தது, செண்டு வாசம் இருந்தது, கூலி இல்லை. சித்திக்கு நாலு திருவிழாக் காசு இன்னும் பாக்கி. கொடுக்க வேண்டியவன் ஊரில் பெரிய மனுஷன்.

மறுநாள் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' எடுத்துப் போனேன். 1960களின் கடைசியில் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் வருஷக்கணக்காக வேலை பார்த்த மனுஷன் எழுதியது. படம் எடுக்கும் ரெட்டியாரும், வரமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும் நடிகை ஜெயசந்திரிகாவும் அதில் உண்டு. ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் சுகத்தை அவர் தருவதில்லை. படப்பிடிப்புக்கு வண்டி வர வேண்டும், சாப்பாடு வர வேண்டும், அதற்குப் பணம் வர வேண்டும். புரொடக்ஷன் மேனேஜர் நடராஜன் ஓடிக்கொண்டே இருக்கிறார். படம் நின்றுபோனால் கூட இருந்தவர்களும் நொடித்துப்போகிறார்கள். சாதியைப் பற்றி அசோகமித்திரனும் அதிகம் பேசவில்லை என்று எனக்குக் குறை இருக்கிறது, அதை இன்னொரு கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன்.

பத்துப் பக்கம் படித்ததும் சித்தி தூங்கிவிட்டார் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

'ம், வண்டி வந்துச்சா? சொல்லு' என்றார்.