அதிர்ச்சிக்குக் குணத்தைக் குற்றம் சொல்லலாமா?

பேரிடரில் தப்பிய பதின்வயதினரைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. எளிதில் பதறும் குணமும், நடந்ததை நினைக்காமல் ஒதுக்கிவிடும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அதிர்ச்சியின் பாதிப்பு அதிகம் என்பது அந்த முடிவு.

இதை அப்படியே ஏற்க முடியாது. காரணம் கேள்வித்தாள்களிலேயே இருக்கிறது. உளவியலாளர் ஐசென்க்கின் குணநலச் சோதனை, பதறும் குணத்தை அளப்பதற்குத் தூக்கமின்மையைப் பற்றிக் கேட்கிறது. அதிர்ச்சி அறிகுறிகளை அளக்கும் தாள்களும் தூக்கத்தைப் பற்றியே விசாரிக்கின்றன. சமாளிக்கும் விதத்தை அறியும் தாள், நடந்ததை நினைக்காமல் இருக்க முயன்றாயா என்கிறது. ஹோரோவிட்ஸ் குழு 1979இல் வெளியிட்ட அதிர்ச்சி அளவுகோலிலும் ஏறக்குறைய இதே கேள்வி உண்டு. வீடிழந்த பிள்ளை ஒரே அமர்வில் இரண்டு தாளிலும் 'ஆம்' என்று குறித்தால், இரண்டும் ஒத்துப்போகத்தானே செய்யும்? ஒன்றையே இருமுறை அளந்துவிட்டு, ஒன்று மற்றதற்குக் காரணம் என்கிறோம்.

குணத்தைப் பேரிடருக்கு முன்பே அளந்திருந்தால்தான் குணமே காரணம் என்ற வாதம் நிற்கும். அது அபூர்வமாகவே வாய்க்கும். 1989 அக்டோபர் 17இல் கலிஃபோர்னியாவின் லோமா பிரியெட்டா நிலநடுக்கம். அதற்கு 14 நாள் முன்னதாக உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம், கவலையையே மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கும் பழக்கத்தை அளந்திருந்தார். அப்பழக்கம் மிகுந்தவர்களிடம் ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. 2005இன் கத்ரீனா புயலுக்கு முன் கார்ல் வீம்ஸ் குழு அளந்த பதற்றமும் பின்னர் வந்த அறிகுறிகளை முன்கூட்டியே காட்டியது. முன்னதில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், பின்னது சிறிய குழு. ஆனாலும் குணத்துக்குப் பங்கே இல்லை என்று வாதிட இனி இடமில்லை.

எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. ஆர்மீனியாவில் 1988 நிலநடுக்கத்துக்குப் பின், மையத்தை அடுத்த ஸ்பிடாக் பிள்ளைகளிடம் பாதிப்பு மிகக் கடுமையாகவும் தொலைவிலுள்ள எரவானில் குறைவாகவும் இருந்தது. ஊருக்கு ஊர் குணம் அப்படி மாறாது. 2004 சுனாமிக்குச் சில வாரங்களுக்குள் யாழ்ப்பாணத்து மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி நோய் இருந்தது. நேரில் கண்ட கொடுமையும் குடும்ப இழப்பும்தான் அதைப் பெரிதும் விளக்கின. முந்தைய அதிர்ச்சிகளும் சேர்ந்துகொண்டன.

ஒதுக்கும் பழக்கத்தையும் இழப்போடு சேர்த்தே பார்க்க வேண்டும். படகும் வலையும் போன வீட்டுப் பையன் கரைப்பக்கம் போகாமல் இருந்தால், அது ஒதுக்கலா, அங்கே அவனுக்கு வேலை இல்லாமல் போனதா? இந்தத் தாள்கள் இதைக் கேட்பதில்லை.

என் தீர்ப்பு இது: குணம் பாதிப்பைக் கூட்டலாம், ஆனால் பிள்ளைகளைத் தாங்குபவர், தாங்காதவர் என்று பிரிக்க இந்தத் தாள்கள் போதா. முதலில் கேட்க வேண்டியது, யாரை இழந்தாய், எதைக் கண்டாய் என்பது. அடுத்தது சிகிச்சை: ஆர்மீனியாவின் கும்ரியில் அதே 1988 நிலநடுக்கத்துக்கு ஒன்றரை ஆண்டு கழித்துப் பள்ளியில் சிகிச்சை பெற்றவர்களிடம் அதிர்ச்சி அறிகுறிகள் குறைந்தன. பெறாதவர்களிடம் அவை கூடின, மனச்சோர்வும் முற்றியது.