போக்கிமானின் முதல் குடி

போக்கிமான் ஆடுபவர்கள் நான்கு பேர் கூடி, வகைகளைத் தரவரிசைப்படுத்தினால் பூச்சி வகை கடைசி மூன்று இடங்களுக்குள் வந்துவிடும். அதற்கான காரணத்தையும் கையோடு சொல்வார்கள். மொத்தம் 18 வகைகள். பூச்சித் தாக்குதலை அவற்றில் 7 வகைகள் பாதியாகக் குறைத்துவிடும்: தீ, சண்டை, நஞ்சு, பறத்தல், பேய், எஃகு, தேவதை. இத்தனை வகைகள் தடுக்கும் இன்னொரு தாக்குதல் புல் வகையுடையது மட்டும்தான். தற்காப்பிலும் தீ, பறத்தல், பாறை என்று மூன்று பலவீனங்கள். எந்த எதிரணியிலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

கணக்கில் பிழையில்லை. தீர்ப்புதான் தவறு.

வகை அட்டவணை சொல்வது ஓர் அடியில் எவ்வளவு சேதம் என்பதை. ஆட்டமோ டர்ன் டர்னாக நடக்கிறது. யார் ஒரு டர்னை மிச்சப்படுத்துகிறார், யார் எதிராளியின் டர்னை வீணடிக்கிறார் என்பதில்தான் பெரும்பாலான போட்டிகள் முடிவாகின்றன. பூச்சி வகையின் சொத்தெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சீக்கிரம் வளர்வது, அடித்துவிட்டு நழுவுவது, ஒரே டர்னில் மூன்று திறன்களை ஏற்றிக்கொள்வது, எதிரணி களத்தில் கால் வைக்கும்போதே அதன் வேகத்தைப் பிடுங்குவது: எல்லாமே நேரத்தைச் சம்பாதிக்கும் வேலைகள்.

இந்த வகையை ஒப்புக்குச் சேர்த்த கூட்டமாகப் பார்ப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் விளிம்பில் உள்ள மச்சிதாவில் வளர்ந்தார். பூச்சி பிடிப்பதில் அவருக்கிருந்த வெறியைப் பார்த்து உடன் படித்த பிள்ளைகள் ‘டாக்டர் பூச்சி’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். ஊர் நகரமாகிப் பூச்சிகள் மறைந்தபின், அந்தத் தேடலின் சுகத்தை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தார். இரண்டு கேம் பாய் கருவிகளை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான ‘ரெட்’, ‘கிரீன்’ ஆட்டங்களின் வேர் அது. அந்த வகையில் போக்கிமான் உலகின் முதல் குடி பூச்சிகள்தான்.

ஆனால் முதல் தலைமுறை ஆட்டமே இந்த வகைக்குப் பெரிய அநீதி செய்தது. அன்று களத்தை ஆண்டது அலகஸாம், மியூடூ போன்ற மனோசக்தி வகை. அதை அடக்குவதற்கென அட்டவணையில் இருந்த ஆயுதம் பூச்சித் தாக்குதல். ஆயுதத்தின் பெயர் இருந்தது, கூர் இல்லை. மொத்தம் 12 பூச்சிகள். அவற்றில் மிரட்டலான தோற்றம் கொண்ட ஸ்கைதருக்கும் பின்சிருக்கும் கற்றுக்கொள்ள ஒரு பூச்சித் தாக்குதல்கூடக் கிடையாது. லீச் லைஃப் தாக்குதலின் பலம் 20. ட்வின்நீடில் ஓரளவு பயன்படும், ஆனால் அது பீட்ரில்லுக்கு மட்டும் உரியது. பீட்ரில்லோ பாதி நஞ்சு வகை என்பதால் மனோசக்தியிடமே இரட்டை அடி வாங்கும். எஞ்சிய பின் மிசைலைப் பூச்சிகளைவிட நன்றாகப் பயன்படுத்தியது மின்சார வகையான ஜோல்டியன்! பூச்சி வகைக்கு அன்று ஒட்டிய கெட்ட பெயர் இன்னும் முழுதாகக் கழுவப்படவில்லை. லீச் லைஃபின் பலத்தை 80 ஆக உயர்த்த 2016-ன் ‘சன்’, ‘மூன்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இருண்ட காலத்திலும் பூச்சி தன் வேலையைச் செய்தது என்பதற்கு பட்டர்ஃப்ரீ சாட்சி. 1998-ல் வந்த ‘யெல்லோ’ பதிப்பில் ஆட்டக்காரருக்குக் கையில் கிடைக்கும் முதல் துணை பிகாச்சு. முதல் ஜிம்மில் காத்திருக்கும் அதன் தலைவர் பிராக்கிடம் இருப்பவையோ பாறையும் நிலமும் கலந்த ஜியோட்யூடும் ஓனிக்ஸும். நிலத்தின் மீது மின்சாரம் துளியும் ஏறாது. வழியில் உள்ள விரிடியன் காட்டில் பிடிபடும் கேட்டர்பீ, 7-ஆம் லெவலில் கூட்டுப்புழுவாகி, 10-ஆம் லெவலில் பட்டர்ஃப்ரீயாகச் சிறகு விரித்து, அந்த நிமிடமே கன்ஃபியூஷன் தாக்குதலைக் கற்றுக்கொள்கிறது. ஓனிக்ஸின் தற்காப்பு மலைபோல இருந்தாலும் அதன் ஸ்பெஷல் திறன் வெறும் 30. ஜியோட்யூடுக்கும் அதே 30. கன்ஃபியூஷன் மோதுவது அந்த 30-ல்தான். ‘ரெட்’, ‘கிரீன்’ ஆட்டங்களில் முதல் துணையாகக் கிடைக்கும் சார்மேண்டர், ஸ்குவர்ட்டில், பல்பசார் மூன்றும் முதல் வளர்ச்சியையே 16-ஆம் லெவலில்தான் காணும். அதற்குள் பட்டர்ஃப்ரீ முழு வளர்ச்சி அடைந்து ஒரு ஜிம்மையும் முடித்துக் கொடுத்துவிடும். கடைசிவரை கூட வராது என்ற குறை உண்மைதான். வராத இடத்தை வைத்து, வந்த இடத்தில் செய்த வேலையை அழித்துவிட முடியாது.

இரண்டாம் தலைமுறையான ‘கோல்ட்’, ‘சில்வர்’ 1999-ல் வந்தபோது தஜிரியின் பழைய ஆசைக்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டது. வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்கள் தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி. ஜப்பானியக் காண்டாமிருக வண்டை ஒத்த ஹெராகிராஸ் வேண்டுமென்றால் மரத்தை முட்டி உலுக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஜப்பானியச் சிறுவர்கள் வண்டு தேடும் முறை அப்படியே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. அதே ஹெராகிராஸுக்கு 120 பலத்தோடு மெகாஹார்னும் கிடைத்தது. பூச்சி வகை முதன்முறையாக நிஜமான அடி அடித்தது அப்போதுதான்.

திருப்புமுனை 2006-ல். நான்காம் தலைமுறையான ‘டைமண்ட்’, ‘பேர்ல்’ ஆட்டங்கள் யூ-டர்ன் என்ற பூச்சித் தாக்குதலை அறிமுகப்படுத்தின. பலம் 70. அடித்த கையோடு களத்தைவிட்டு வெளியேறி, வேறொரு கூட்டாளியை இறக்கலாம். கிரிக்கெட்டில் ஒரு ரன்னைத் தட்டிவிட்டு, அந்தப் பந்துவீச்சாளரை அடிக்கத் தெரிந்தவருக்கு அடுத்த பந்தைக் கொடுப்பதற்குச் சமமான வேலை. எதிராளி போக்கிமானை மாற்றினாலும் அந்தப் புதிய வரவைப் பார்த்தபிறகே நம் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்.

அட்டவணைக்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விவரம் இங்கே முக்கியம். பூச்சித் தாக்குதலைக் குறைக்க 7 வகைகள் உண்டு. அடியோடு தடுக்க ஒரு வகைகூட இல்லை. மின்சாரத்தை நிலம் தடுத்துவிடும், நிலத்தைப் பறத்தல் தடுக்கும், மனோசக்தியை இருள், டிராகனைத் தேவதை. யூ-டர்னுக்குப் போட்டியாக அடுத்த தலைமுறையில் வந்த வோல்ட் ஸ்விட்ச் ஒரு நில வகைமுன் செத்துவிடும். யூ-டர்னோ கால்பங்கு சேதம்தான் செய்தாலும் தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும். அதனால்தான் லாண்டோரஸ் போல, பூச்சியோடு எந்த உறவும் இல்லாத போக்கிமான்கள்கூட அதைத் தூக்கித் திரிகின்றன. பூச்சித் தாக்குதல் பயனற்றது என்று சொல்பவரின் அணியிலேயே ஒரு யூ-டர்ன் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஜிம் தலைவர் பக்ஸி போதும். 1999-ல் அவருடைய ஸ்கைதரிடம் இருந்தது ஃபியூரி கட்டர். அடுத்தடுத்துப் பட்டால்தான் வலிக்கும். ‘கோல்ட்’, ‘சில்வர்’ ஆட்டங்களின் 2009 மறுஆக்கத்தில் அதே ஸ்கைதர், 17-ஆம் லெவலில், யூ-டர்னோடு வந்தது. இரண்டாவது ஜிம்மிலேயே அணி சிதறிப்போனவர்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

ஸ்கைதர் வளர்ந்து சிசர் ஆகும்போது திறன்களின் கூட்டுத்தொகை ஒரு புள்ளிகூட ஏறாது. அங்கும் 500, இங்கும் 500. இருந்தும் நான்காம் தலைமுறைப் போட்டிகளில் அதிகம் களமிறக்கப்பட்டவற்றில் ஒன்று சிசர். எஃகின் மேல் பூச்சி சேரும்போது நடக்கும் ரசாயனத்தைக் கவனிக்க வேண்டும். எஃகுக்கு சண்டையும் நிலமும் பெரும் பலவீனங்கள். பூச்சி வகைக்கு அவை இரண்டும் பாதிதான் ஏறும். இரண்டும் கலக்கும்போது அந்தப் பலவீனங்கள் மறைந்து, சிசருக்கு எஞ்சுவது தீ ஒன்றுதான். அது நான்கு மடங்கு வலிக்கும் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் எங்கிருந்து அடி வரும் என்று முன்கூட்டியே தெரிவதும் ஒரு பலம். 2008-ல் வந்த ‘பிளாட்டினம்’ இதற்கு புல்லட் பஞ்சைக் கொடுத்தது. பலம் 40, டெக்னீஷியன் என்ற தனித்திறனால் 60, எஃகுக்குச் சொந்தத் தாக்குதல் என்பதால் 90, அதுவும் எதிராளியை முந்திக்கொண்டு பாயும்.

அதே நான்காம் தலைமுறைதான் ஸ்டெல்த் ராக்கையும் கொண்டுவந்தது. களமிறங்கும் ஒவ்வொரு முறையும் கூர்ப்பாறைகள் குத்தும். சாதாரண போக்கிமானுக்கு உயிரில் எட்டில் ஒரு பங்கு. பறக்கும் பூச்சிக்கும் தீப்பூச்சிக்கும் பாதி உயிர். பூச்சி வகையின் பெயரைக் கெடுத்ததில் இந்த ஒரே உத்திக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியிருந்தும் 2010-ன் ‘பிளாக்’, ‘ஒயிட்’ ஆட்டங்களில் வந்த வோல்கரோனா, பாதி உயிரோடு இறங்கியே ஆட்டங்களை வென்றது. அதற்குக் காரணம் குவிவர் டான்ஸ்: ஒரே டர்னில் ஸ்பெஷல் தாக்குதல், ஸ்பெஷல் தற்காப்பு, வேகம் மூன்றும் தலா ஒன்றரை மடங்காகும். 135 ஸ்பெஷல் தாக்குதல் கொண்ட ஓர் அந்துப்பூச்சிக்கு அந்த ஒரு டர்ன் கிடைத்துவிட்டால் எதிரணிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 2019-ல் ‘ஸ்வோர்ட்’, ‘ஷீல்ட்’ ஆட்டங்கள் தடித்த பூட்ஸைக் கொடுத்தன. அதை அணிந்தால் பாறைகள் குத்தாது. பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட தண்டனை அத்தோடு தளர்ந்தது.

அந்த ‘பிளாக்’, ‘ஒயிட்’ கதையின் சாம்பியன் ஆல்டரின் அணியைப் பாருங்கள். ஆறில் மூன்று பூச்சிகள்: அக்செல்கார், எஸ்கவேலியர், வோல்கரோனா. அந்த மண்டலத்தின் ஆகப்பெரிய ஆட்டக்காரர் என்று காட்ட உருவாக்குநர்கள் தேர்ந்தெடுத்த அணி அது.

அடியே அடிக்காமல் ஆட்டத்தைத் திருப்பும் பூச்சிகளும் உண்டு. 2013-ல் வந்த ஸ்டிக்கி வெப் எதிரணியின் பக்கம் வலை விரிக்கும். தரையில் கால் பதிக்கும் ஒவ்வொன்றும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். 124 வேகமுள்ள ரிபாம்பீ முதல் டர்னிலேயே அதை விரித்துவிட்டுச் செத்தாலும் லாபம்தான். தற்காப்பு 230, ஸ்பெஷல் தற்காப்பு 230 என்று நிற்கும் ஷக்கிளை இரண்டிலும் மிஞ்ச ஆட்டக்காரர்கள் வளர்க்கும் எந்தப் போக்கிமானாலும் முடியாது. கோலிசோபாடின் ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் களமிறங்கிய முதல் டர்னில் மட்டுமே பலிக்கும்; அதன் உயிர் பாதிக்குக் கீழே போனதும் தானாகவே பின்வாங்கிவிடும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். திரும்ப இறங்கும்போது அந்த 90 பலமுள்ள முதல் அடி மறுபடியும் தயார்.

இருவர் இருவராக மோதும் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் எதிரியின் கவனத்தை இழுப்பதே ஒரு கலை. 2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியை தென்கொரியாவின் செஜுன் பார்க் வென்றபோது உலகமே பேசியது அவருடைய பச்சிரிசுவைப் பற்றி. கூட்டுத்தொகை 405 மட்டுமே உள்ள அந்த மின்சார அணில், ஃபாலோ மீ மூலம் அடிகளைத் தன்பக்கம் இழுத்துக் கூட்டாளியைக் காத்தது. பூச்சி வகையின் ரேஜ் பவுடர் செய்வதும் அதே வேலைதான். புள்ளிகளின் கூட்டுத்தொகையை வைத்து ஒன்றை ஒதுக்கிவிட முடியாது என்று அந்த அணிலை ஏற்றுக்கொண்டவர்கள், பட்டர்ஃப்ரீக்கும் அதே நியாயத்தைக் கொடுக்க வேண்டும்.

சேதத்தை மட்டுமே அளப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பு, சமநிலையைக் குலைப்பவற்றைத் தன் முதன்மைப் பிரிவிலிருந்து விலக்கிவைக்கும். ஐந்தாம் தலைமுறையில் ஜெனிசெக்டும் ஏழாம் தலைமுறையில் 151 வேகம் கொண்ட ஃபெரோமோசாவும் அப்படி விலக்கப்பட்டன. இரண்டும் பூச்சிகள். 7 வகைகள் பாதியாக்குகின்றன என்ற குறைக்கு டின்டட் லென்ஸ் என்ற தனித்திறன் நான்காம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. பாதியாகும் சேதத்தை அது இரட்டிப்பாக்கும். குவிவர் டான்ஸோடு அதைச் சேர்த்து வெனோமாத்தை ஆடியவர்களுக்கு அட்டவணை ஒரு பொருட்டே இல்லை.

ஆனாலும் அட்டவணை திருத்தப்பட வேண்டியதுதான். முதல் தலைமுறையில் நஞ்சின் மேல் பூச்சிக்கு இரட்டைப் பலம் இருந்தது. இரண்டாம் தலைமுறையில் அது பாதியானது. அப்போதே புதிதாக வந்த எஃகும் பூச்சியைத் தடுத்தது. 2013-ல் வந்த தேவதை வகையும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. தேவதை பூச்சியைத் தடுக்க வேண்டிய தேவை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டிராகனையும் சண்டையையும் இருளையும் கட்டுப்படுத்தவே அந்த வகை பிறந்தது. பேய்க்கும் இருளுக்கும் எதிராக எஃகுக்கு இருந்த தடுப்பை அதே 2013-ல் ஆட்டத்தை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனம் எடுத்துவிட்டது. ஆட்டம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. அடுத்து வரும் தலைமுறையில் பூச்சிக்கு எதிரான தடுப்பைத் தேவதையிடமிருந்தும் பேயிடமிருந்தும் எடுத்துவிட்டால், தடுக்கும் வகைகள் ஐந்தாகக் குறையும். மெகாஹார்னோடு நிற்கும் ஹெராகிராஸ் முன்னால் ஒரு தேவதையை நிதானமாக இறக்க யாரும் இருமுறை யோசிப்பார்கள்.