சிறுவீடும் தாம்பும்: உரைக்கு எட்டாத சொற்கள்

சென்ற மார்கழியில் திருப்பாவையின் எட்டாம் பாட்டை ஸேவித்து முடித்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையொருவன் கேட்டான்: "சிறுவீடு என்பதற்குச் சிறு மேய்ச்சல் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மேய்ச்சலுக்கு ஏன் வீடு என்று பேர், தாத்தா?" கோஷ்டியில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க கேள்வியன்று அது. அவன் கையிலிருந்த பதிப்புரை பொருளைச் சொல்லிற்று, சொல்லை விளக்கவில்லை.

விடியுமுன் கறவைகளைக் கட்டவிழ்த்து, பனி நனைந்த புல்லைச் சற்றே மேயவிட்டு, மீண்டும் தொழுவத்தில் கட்டிக் கறந்து, அதன்பின் பகல் மேய்ச்சலுக்கு ஓட்டுவது வழக்கம். முதலில் விடுகிற அச்சிறு விடுகையே சிறுவீடு. 'விடு' என்பது முதனிலை நீண்டு 'வீடு' என்று தொழிற்பெயராயிற்று. நம்மாழ்வார் மோக்ஷத்தைச் சொல்வதும் இதே சொல்லால்தான். ஆயர் மாட்டின் தும்பை அவிழ்ப்பதும், எம்பெருமான் ஸம்ஸார பந்தத்தை அவிழ்ப்பதும் தமிழில் ஒரே சொல். தொழுவத்துச் சொல் மறைந்தால் வேதாந்தச் சொல்லின் வேரும் உடன் மறைகிறது. அருமனைச் சுற்றுவட்டாரத்தில் இது கண்கூடு. வரப்பும் புல்லும் இருந்த பல இடங்களில் இன்று ரப்பர் நிற்கிறது. பால் பாக்கெட்டில் வருகிறது.

இன்றைய எளிய உரைகளைப் பற்றி அடியேனுடைய குறை இதுவே. அருஞ்சொல்லுக்கு நேரே ஓர் எளிய சொல்லை வைத்துவிட்டுக் கடந்துபோகின்றன. பூர்வாசார்யர்கள் தெரியாததை, கேட்பவர் வீட்டில் தெரிந்த பொருளைக்கொண்டு விளக்கினார்கள். இப்போது அந்த வீட்டுப்பொருளே தெரியாததாகிவிட்டது.

கண்ணிநுண்சிறுத்தாம்பை எடுத்துக்கொள்வோம். தாம்புக்குக் 'கயிறு' என்று உரையெழுதினால் பிழையில்லை. ஆனால் வ்யாக்யானம் அடைமொழி மூன்றையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுகிறது. முடிச்சுகள் உள்ளதாகையால் திருமேனியில் உறுத்தும், நுண்ணியதாகையால் அழுந்தும், சிறியதாகையால் திருவயிற்றைச் சுற்ற எட்டாது. அறுந்த துண்டுகளை முடிந்து முடிந்து கிணற்றில் நீரிறைத்த கைக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் வந்தபின் கயிறும் போயிற்று, கை காய்ப்பதும் போயிற்று. இனிக் 'கண்ணி' என்பதற்கு எத்தனை பர்யாயம் அடுக்கினாலும் அந்த உறுத்தல் வாராது. உறுத்தல் வாராதபோது, யசோதைப் பிராட்டி கட்ட, அவன் கட்டுண்டிருந்த எளிமையும் பாதிதான் தெரியும்.

எல்லாச் சொல்லும் இப்படியன்று. ஏழாம் பாட்டின் ஆனைச்சாத்தனை வ்யாக்யாதாக்கள் வலியன் என்றார்கள். இன்று வலியனுக்கே உரை வேண்டும்: கரிச்சான், இரட்டைவால் குருவி. குருவியோ விடியற்காலையில் மின்கம்பியின்மேல் அமர்ந்து இன்றும் கூவுகிறது. மலையாளத்தில் அதற்கு ஆனறாஞ்சி என்று பெயர். ஆனை அங்கே இன்னும் பெயரைவிட்டுப் போகவில்லை. பொருள் இருக்கச் சொல் மட்டும் போனால், வாசலுக்கு அழைத்துவந்து கையை நீட்டிக் காட்டினால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றினும் அதிகம் வருத்துவது, உயிரோடிருக்கும் சொல்லை நாமே வெட்கப்பட்டு விடுவது. இரண்டாம் பாட்டில் பாற்கடலுள் எம்பெருமான் துயில்வது 'பைய'. நகரத்து வாசகருக்கு அதற்கு 'மெல்ல' என்று உரை வேண்டும். எங்கள் பக்கத்தில் 'பைய வா, பைய நட' என்று சொல்லிக் குழந்தை வளர்த்த தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அக்குழந்தை பள்ளிக்குப் போனால், மலையாளக் கலப்பென்று சொல்லித் திருத்துகிறார்கள். திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்த பகுதி இது. நம் தமிழ் சுத்தந்தானா என்கிற கூச்சம் இன்னும் தீரவில்லை போலும். நம்மாழ்வாருடைய திருத்தாயார் உடையநங்கை பிறந்தது இந்நாட்டுத் திருவண்பரிசாரம் என்பது ஐதிஹ்யம். ஆண்டாள் எடுத்தாண்ட சொல்லை ஆழ்வாருடைய தாய்வீட்டு நாட்டில் கொச்சையென்று தள்ளுவது விசித்ரம்.

பெயர்பெற்ற அகராதிகள் இருக்கின்றன. அவை வேண்டாமென்று சொல்லவில்லை. புதிதாக உரையெழுதுவோர், அவற்றைப் புரட்டுமுன் தங்கள் ஊரில் மாடு கட்டி வாழ்ந்த ஒரு கிழவியையாவது கேட்டெழுதலாம். அவர்கள் இருக்கும் காலம் குறுகிவருகிறது.

அந்தப் பிள்ளையை மறுநாள் விடியுமுன், திருவட்டாறு போகும் வழியில் தொழுவம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு அழைத்துச்சென்றேன். அவர் தும்பை அவிழ்த்தார். மாடு தலையை ஒருமுறை உதறிவிட்டுப் புல்லிருந்த பக்கம் நடந்தது. எருமைக்குத்தான் விசாரித்தோம், கிடைத்தது பசு.