தனிம வரிசை என்னும் பெயர்

தமிழகப் பாடநூல்கள் 'தனிம வரிசை அட்டவணை' என்கின்றன. இலங்கை நூல்கள் 'ஆவர்த்தன அட்டவணை' என்கின்றன. தனிமம் என்பது செவ்விய சொல்லாக்கம், அதிற் குறையில்லை. வரிசை என்பதில்தான் எமக்கு உடன்பாடில்லை.

வரிசை முன்பின் முறையை மட்டுமே உணர்த்தும். இவ்வட்டவணையின் உயிரோ பண்புகள் மீண்டு வருதலில் இருக்கிறது. 3ஆம் எண்ணுடைய லித்தியம், 11ஆம் எண்ணுடைய சோடியம், 19ஆம் எண்ணுடைய பொட்டாசியம் ஆகிய மூன்றும் நீரொடு கூடி ஹைட்ரஜனை வெளியிட்டுக் காரம் தருவன; ஆகவே ஒரே தொகுதியில் நிற்கின்றன. 1869இல் மெண்டலீவ் அணு எடையை மட்டும் நோக்கியிருந்தால், துத்தநாகத்தை அடுத்து ஆர்சனிக்கை வைத்திருப்பார். இடையே இடமுண்டு என்பதே புலப்பட்டிராது. அவரோ, பாஸ்பரசை ஒத்த பண்பு கண்டு ஆர்சனிக்கை அதன் இனத்தொடு சேர்த்தார். இரண்டு இடங்கள் வெறுமையாயின. ஒன்றை 1875இல் காலியமும் மற்றதை 1886இல் ஜெர்மானியமும் நிரப்பின. வெறும் வரிசை இதனைச் செய்யுமா?

உயிர்மெய் அட்டவணையைக் காட்டி இதனை விளக்கும் தமிழாசிரியர் உளர். நல்ல வழிதான், ஆயினும் அங்கே கட்டமெல்லாம் நிறைந்திருக்கும், இங்கே தொடர்கள் 2, 8, 8, 18, 18, 32, 32 என நீளும். (18 மெய்க்கும் 18 தொகுதிக்கும் உறவு தேடுவது வீண் வேலை.)

கெமாஸ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இதனை மலாய் மொழியில் 'ஜடுவல் பெர்காலா' என்று கற்கின்றனர். அதிலுள்ள 'காலா' நாம் வழங்கும் காலமே. முறைவந்து மீளும் பொருளை மலாய்ச்சொல் காத்திருக்க, தமிழ்ப்பெயர் கைவிட்டதேன்? ஆவர்த்தனம் வடசொல் என்று தயங்குவோர் 'மீள்வரிசை அட்டவணை' என வழங்கலாமே.