காளையார்கோவில் காட்டும் வீர இலக்கணம்

தன்னம்பிக்கையும் உடலுறுதியும் ஒழுக்கமும் இணைந்த பழைய வீரத்தை இளைஞரிடம் மீட்க வேண்டும் என்பர். சிலம்பமும் வளரியும் அதன் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. இவ்வேட்கையை எடைபோட, எதிரணியில் நின்ற ஒருவர் எழுதிய நூல் துணைபுரிகிறது.

கும்பினிப் படை அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ் தம் போர் நினைவுகளை 1830இல் வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று அதில் குறிக்கிறார். அதனினும் அவர் வியப்பது, காவலர் எவருமின்றி யாவரும் தடையின்றி வந்துபோன அவரது இல்லத்தையே.

அத்திறந்த வாயில் 1801இல் சோதிக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் தப்பிவந்த ஊமைத்துரைக்கு மருது சகோதரர் அடைக்கலம் அளித்தனர். அதன் விலை பெரிது. அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

ஆசானின் முடிவுக்கு வெல்ஷ் உளமார வருந்துகிறார். எனினும் அம்முடிவை நிகழ்த்திய படையிலேயே தொடர்ந்து பணிபுரிந்து உயர்ந்தார். வளரி வீசும் கலை அவரைச் சேர்ந்தது. கதவைத் திறந்துவைக்கும் பண்பு சேரவில்லை. நூலின் நேர்மையும் குறையும் இதுவே.

நம் இளைஞர் சிலம்பம் பயிலட்டும், அது நன்றே. ஆனால் அடைக்கலப் பட்டணங்களின் வரலாற்றை அறிந்த நாம் மேலும் ஒன்று வினவக் கடமைப்பட்டுள்ளோம்: அவ்வலிமை எவருக்கு அரணாகும்? தன் குலத்தார்க்கு மட்டுமா, வாயிலில் வந்து நிற்கும் எவர்க்குமா?