சிவப்புத் தடத்தில் இல்லாத பெண்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு மேற்கே ஸ்வீட்வாட்டர் க்ரீக் என்றொரு அரசுப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் புல்வெளியும் நினைவுக்கு வர வேண்டாம். அது காடு. காட்டுக்குள் நடைத்தடங்களை நிறம்வைத்துப் பிரித்திருக்கிறார்கள். சிவப்புத் தடத்தில் ஓடையோரமாக ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடந்தால், கூரையில்லாத செங்கல் சுவர்கள் மரங்களுக்கிடையே எழுந்து நிற்கும். அதுதான் நியூ மான்செஸ்டர் நூற்பாலை. 1849இல் கட்டி முடிக்கப்பட்டது, ஐந்து மாடி. அன்றைய அட்லாண்டாவில் அவ்வளவு உயரமான கட்டடம் கிடையாது என்பார்கள்.

நடைத்தடமும் ஒரு பிரதிதான். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும், எதைப் படம் எடுக்க வேண்டும் என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. இந்தத் தடம் சொல்லும் கதையில் ஓர் ஆலை இருந்தது, உள்நாட்டுப் போர் வந்தது, 1864 ஜூலை 9 அன்று வடக்குப் படை அதற்குத் தீ வைத்தது. கட்டடம் இருக்கிறது, தீ இருக்கிறது, படைத்தளபதி இருக்கிறார். உள்ளே தறிகளுக்குமுன் நின்றவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர் சிறுமியரும். ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். அட்லாண்டாவுக்கு வடக்கே இருந்த ராஸ்வெல் ஆலைகளிலும் இதே நிலைதான். ராஸ்வெல் முதலாளிகளான கிங் குடும்பத்தினர் படை நெருங்குமுன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பெண்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? குடியிருந்த வீடு கம்பெனியுடையது, அரிசி பருப்பு வாங்கும் கடை கம்பெனியுடையது என்ற வாழ்க்கையில், ஓடிப்போவதற்கும் கையில் காசு வேண்டுமே.

ஜூலை 6 அன்று ராஸ்வெல் ஆலைகள் எரிக்கப்பட்டன. மறுநாள் ஜெனரல் ஷெர்மனிடமிருந்து உத்தரவு வந்தது: ஆலையோடு தொடர்புடைய ஆண், பெண் எல்லோரையும் கைதுசெய்து காவலோடு மரியெட்டாவுக்கு அனுப்ப வேண்டும். குற்றம், தேசத்துரோகம். பெண்கள் கூச்சல் போடுவார்கள் என்பதையும் அவர் எதிர்பார்த்தே எழுதியிருந்தார். ராஸ்வெலில் மட்டும் சுமார் 400 பேர். நியூ மான்செஸ்டர் தொழிலாளர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வண்டிகளில் மரியெட்டாவுக்கு, அங்கிருந்து ரயிலில் நாஷ்வில்லுக்கு, பிறகு லூயிவில்லுக்கு. பலர் ஒஹாயோ ஆற்றைக் கடந்து இண்டியானாவில் இறக்கிவிடப்பட்டார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்பதற்குப் பதிவே இல்லை.

தேசத்துரோகம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அமெரிக்கப் பெண்களுக்கு அது வந்தது 1920இல். அந்தத் திருத்தத்தை 1919இல் முதலில் நிராகரித்த மாநிலமே ஜார்ஜியாதான். மணமான பெண் வாங்கும் கூலியும் அன்றைய சட்டப்படி கணவனுடையது. எதிலுமே தனி ஆளாகக் கணக்கில் வராதவள், தண்டனை என்று வரும்போது மட்டும் நாட்டுக்குத் துரோகம் செய்யக்கூடிய முழுக் குடிமகளாகிவிட்டாள்.

இன்னொன்று. ராஸ்வெல் ஆலை போருக்குப்பின் மீண்டும் கட்டப்பட்டது. நியூ மான்செஸ்டர் கட்டப்படவில்லை. ஆலையை மட்டுமா, ஊரையே எழுப்ப அங்கே ஆள் இல்லை. அதனால்தான் காடு வந்து மூடியது. 1970களில் அரசு அதைப் பூங்காவாக்கியது. இன்று நடப்பவர்கள் ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று ரசிக்கும் அந்த நிழல், மனிதர்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போன இடத்தில் வளர்ந்த நிழல். ஓடையோரம் தடத்தை ஒட்டி ஓடும் பள்ளம்கூட ஆலைச் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்தான்.

‘ஹங்கர் கேம்ஸ்: மாக்கிங்ஜே’ படத்தின் முதல் பாகத்தில் சில காட்சிகளை இந்தப் பூங்காவில் எடுத்திருக்கிறார்கள். குண்டுவீசி அழிக்கப்பட்ட ஒரு தொழிலாளர் ஊரிலிருந்து வரும் இளம்பெண்ணின் கதை அது. ரசிகர்கள் அவளைத் தேடி இங்கே வருகிறார்கள். கற்பனைப் பெண்ணுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அட்லாண்டா எரிந்ததைப் பற்றி உலகம் அறிந்த ‘கான் வித் த விண்ட்’டிலும் நாயகி பண்ணையார் மகள்தான், தறிக்காரி அல்ல.

நினைவுச்சின்னமே இல்லையா என்றால், இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ராஸ்வெலில் உடைந்த தூண் வடிவில் ஒன்றை நிறுவினார்கள். நிறுவியது ‘கூட்டமைப்புப் படைவீரர்களின் மகன்கள்’ என்ற அமைப்பு. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் வாரிசுகள் என்று பெருமை கொள்பவர்கள். 400 தொழிலாளர்கள் படையெடுத்து வந்த வடக்கத்தியரால் நாடுகடத்தப்பட்டார்கள் என்பதே கல்லில் அவர்கள் சொல்வது. பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்கள் எத்தனை மணி நேரம் நின்று வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், ஆபத்தில் அவர்களை விட்டுவிட்டுப் போனவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்தக் கல்லில் இடமில்லை. எதிரி செய்த கொடுமைக்குச் சாட்சியாக மட்டும் பெண்ணை நிறுத்துவது ஆண்களின் போர் நினைவுக்குப் பழக்கமான வேலை.

அதற்காக இந்தப் பெண்களைக் குற்றமற்ற தியாகிகளாக்கவும் என்னால் முடியவில்லை. அவர்கள் நெய்த துணி தெற்குப் படையின் சீருடையானது. அவர்கள் நூற்ற பருத்தியைப் பறித்தவர்களில் பாதிக்குக் குறையாதோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களாக இருந்திருப்பார்கள். 1860இல் ஜார்ஜியாவில் மட்டும் 4,62,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். நியூ மான்செஸ்டரின் செங்கற்களைச் செய்ததும் அடிமை உழைப்பே. எந்தப் படை வெள்ளைத் தறிக்காரியை ரயிலில் ஏற்றியதோ, அதே படையின் பின்னால் கறுப்பினப் பெண்கள் விடுதலை தேடி நடந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு நிறத் தடம் போதாது. கறுப்பினப் பெண்ணை விட்டுவிட்டுத் தறிக்காரியை மட்டும் மீட்டெடுக்கும் பெண்ணியம், அந்த உடைந்த தூணுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

நமக்கும் இதில் ஒரு நூல் உண்டு. அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றபோது இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. கோவையை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லிப் பழகிய நாம், நியூ மான்செஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் அந்த ஆசையைப் புரிந்துகொள்வோம். மான்செஸ்டர் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் எங்கேயும் நூற்பவர்கள் இல்லை.

ராஸ்வெலில் முதலாளி பாரிங்டன் கிங்கின் வீடு இன்று அருங்காட்சியகம். ஆலை இடிபாடுகளைச் சுற்றிய காட்டுத்தடங்களுக்கு விக்கெரி க்ரீக் என்று பெயர். அந்த ஓடைக்குப் பெயர் தந்தவர் சார்லட் விக்கெரி என்ற செரோக்கிப் பெண் என்கிறது ஊர் வரலாறு. ஆலை வந்த அதே 1830களின் இறுதியில்தான் செரோக்கி மக்கள் அந்நிலத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். தறிக்காரிகளுக்கு முன்பே அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பெண்கள் இருந்தார்கள்.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் தறிக்காரிகள் மிகச் சிலர். ராஸ்வெல் ஆலையில் வேலைபார்த்த அடலின் பேக்லி ப்யூஸ் அவர்களில் ஒருவர். கணவன் போரில் இருக்க, கர்ப்பிணியாகக் கைதானவர். சிகாகோவரை கொண்டுபோகப்பட்டு அங்கே பிள்ளை பெற்றார். 1869இல் குழந்தையோடு ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக நினைத்துக் கணவன் மறுமணம் செய்திருந்தான். நடந்தே திரும்பினார் என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். சிகாகோவிலிருந்து ஜார்ஜியாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்த வழியை எந்தப் பூங்காவும் எந்த நிறத்திலும் குறித்துவைக்கவில்லை.