வழிமறித்து நிற்பவர்கள்

பியூட்டர் நகரத்து ஜிம்முக்குள் முதன்முதலாக நுழையும்போது நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து, பேராசிரியர் ஓக் கொடுத்த அந்த முதல் போகிமான்தான். வழியில் புல்வெளியில் பிடித்த ஒரு பறவையும் ஒரு புழுவும் உடன் இருக்கலாம். எதிரே அந்த ஜிம்மின் லீடர் ப்ரோக். அவரிடம் இருப்பவை இரண்டே: லெவல் 12-இல் ஜியோடூட், லெவல் 14-இல் ஓனிக்ஸ். எண்ணிக்கையில் மலைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பறவையை இறக்கினால் அதன் கொத்தல் பாறையில் உரசித் திரும்புகிறது. நெருப்புவகை சார்மாண்டரை எடுத்தவர் பாடு இன்னும் திண்டாட்டம். நீர்வகை ஸ்குவர்ட்டில் எடுத்தவர் ஒரு பபிள் விட்டதும் ஓனிக்ஸ் சாய்ந்துவிடுகிறது. எந்த வகை எந்த வகையிடம் தோற்கும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு சண்டை முடிந்து வெளியே வரும்போது அதன் முதல் வரி தலையில் ஏறியிருக்கிறது.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய்க்காக ‘ரெட்’, ‘கிரீன்’ என்று இரண்டு பதிப்புகளாக வந்த போகிமான் விளையாட்டு, அன்றிலிருந்து பெரும்பாலும் இந்த அமைப்பைத்தான் அச்சாணியாக வைத்திருக்கிறது: எட்டு ஊர், எட்டு ஜிம் லீடர், பிறகு எலீட் ஃபோர் என்னும் நால்வர், அவர்களுக்கு மேலே சாம்பியன். நடுநடுவே குறுக்கிடும் போட்டியாளன் ஒருவன், ஒரு கூட்டத்தின் தலைவன் ஒருவன். இவர்களை ‘பாஸ்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மற்ற விளையாட்டுகளில் பாஸ் என்பது பெரும்பாலும் பெரிய உடம்பும் நீளமான உயிர்க்கோடும் கொண்ட ஒரு மிருகம். இங்கே பாஸ் ஒரு மனிதர். நம்மிடம் இருக்கும் அதே ஆறு இடங்கள், அதே நான்கு தாக்குதல்கள், அதே விதிகள்தான் அவருக்கும். இந்தச் சமத்துவம்தான் இந்தத் தொடரின் பாஸ் பயிற்சியாளர்களைத் தனியாக எடுத்துப் பேசவேண்டியவர்களாக்குகிறது என்பது என் எண்ணம். நல்ல பாஸ் ஒவ்வொருவரும் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி அவருடைய சுபாவத்திலிருந்தே பிறக்கிறது. அப்படிப் பிறக்காத இடங்களில், எத்தனை லெவல் கூட்டி வைத்தாலும், அந்தச் சண்டை நினைவில் தங்குவதில்லை.

ஜிம் லீடர்கள் கொடுக்கும் பேட்ஜ் வெறும் பதக்கமும் அல்ல. முதல் விளையாட்டில் ஐந்தாவது லீடர் கோகாவை வெல்லாமல் சர்ஃப் போட்டுக் கடலைக் கடக்க முடியாது. நண்பனிடமிருந்து மாற்றி வாங்கிய போகிமான் குறிப்பிட்ட லெவலுக்கு மேலே போனால், போதிய பேட்ஜ் இல்லாதவனின் பேச்சைக் கேட்காது. சண்டை நடுவே தூங்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாலையும் கட்டுப்பாடும், இரண்டும் லீடரின் கையில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் நிற்கும் இந்த மனிதர்களை எடுத்துவிட்டால் அந்த நிலப்பரப்புக்கு வரைபடமே கிடையாது.

இனி விட்னி. 1999 நவம்பரில் வந்த ‘கோல்டு’, ‘சில்வர்’ விளையாட்டுகளில் கோல்டன்ராட் நகரத்து லீடர், இளம் பெண். என் அக்கா மகன் ஒரு கோடை விடுமுறையில் மூன்று நாள் இந்த ஜிம்மிலேயே கிடந்தான். “மாமா, இந்த மாட்டை எப்படித்தான் அடிக்கிறது?” என்று சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றான். அவன் மாடு என்றது மில்டேங்க்கை, லெவல் 20. அந்தச் சண்டையை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது புரியும்.

மில்டேங்க் பெண் மட்டுமே உள்ள இனம். நாம் முதலில் வாங்கும் போகிமானோ எட்டுக்கு ஏழு வாய்ப்பில் ஆண். மில்டேங்க் ‘அட்ராக்ட்’ போட்டதும் நம் ஆள் மயங்கி, பாதி முறை அடிக்காமல் நிற்கும். அடுத்து ‘ரோல்அவுட்’: உருண்டு வந்து மோதும் தாக்குதல். முதல் மோதலின் வலிமை 30. தவறாமல் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். 60, 120, 240, ஐந்தாவது மோதலில் 480. நாம் மயங்கி வீணாக்கும் ஒவ்வொரு சுற்றும் அந்த உருளலுக்குத் தீனி. எப்படியோ பாதி உயிரைக் குறைத்துவிட்டால், ‘மில்க் ட்ரிங்க்’ குடித்துப் பாதி உயிரை மீட்டுக்கொள்ளும். இதோடு இன்னொன்று. ரோல்அவுட் பாறை வகை. இதற்கு முந்தைய இரண்டு ஜிம்களும் பறவைக்கும் பூச்சிக்கும் உரியவை. அந்தப் பாதையில் வந்தவர் பையில் இருப்பதும் பெரும்பாலும் அவைதான். நெருப்புவகை சிண்டாக்விலை எடுத்தவனும் பாறைக்கு முன் இளைத்தவனே. அக்கா மகன் எடுத்தது சிண்டாக்வில்.

விடை எங்கே இருந்தது? அதே ஊரில். கோல்டன்ராட் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் ஒருவர் மாச்சாப் ஒன்றை மாற்றிக் கொடுக்கக் காத்திருக்கிறார். சண்டை வகையான மாச்சாப்புக்கு ரோல்அவுட் பாதிதான் உறைக்கும். அது திருப்பி அடிக்கும் அடி மில்டேங்க்குக்கு இரட்டிப்பாக விழும். ஜியோடூட் வைத்திருந்தாலும் உருளல் அவ்வளவாகப் படாது. ஒரு பெண் போகிமானை முன்னே நிறுத்தினால் அட்ராக்ட் செல்லவே செல்லாது. நோய் இருக்கும் ஊரிலேயே மருந்தையும் வைத்துவிட்டு, அதைத் தேடிப் போகிறாயா என்று பார்க்கிறார்கள். முரட்டுத்தனமாக லெவல் ஏற்றிக்கொண்டு வந்தும் ஜெயிக்கலாம்தான். ஆனால் கடைத்தெருவில் நாலு பேரிடம் நின்று பேசியவனுக்கு இந்தச் சண்டை வேறு மாதிரித் தெரியும்.

தோற்றதும் விட்னி அழுகிறாள். பேட்ஜ் தருவதில்லை. ஜிம்மை விட்டு வெளியேறப் போகும்போது இன்னொரு பெண் வந்து, அவள் தோற்றால் இப்படித்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள் என்கிறாள். திரும்பிப் போய்ப் பேசினால்தான் பேட்ஜ் கிடைக்கிறது. சண்டையில் அத்தனை அழிச்சாட்டியம் செய்தவள் ஒரு பிள்ளை என்பதை அந்த அரை நிமிடம் காட்டிவிடுகிறது. அவளுடைய ஆட்டமும் அப்படித்தானே: செல்லம் கொஞ்சுவது, பிடிவாதமாக உருண்டுகொண்டே இருப்பது, பால் குடிப்பது. ஆளும் ஆட்டமும் ஒன்றாகிவிட்ட இடம் இது.

மருந்தை ஊர் எல்லையிலேயே வைக்கும் இந்தப் பழக்கத்தைத் தயாரிப்பாளர்கள் பலமுறை கையாண்டிருக்கிறார்கள். முதல் விளையாட்டின் ‘யெல்லோ’ பதிப்பில் நமக்கு முதலில் கிடைப்பது பிக்காச்சு மட்டும். அதன் மின்சாரம் நிலவகை சேர்ந்த ஓனிக்ஸைத் தொடவே தொடாது. ஆகவே பியூட்டருக்கு முன்னாலேயே சண்டை வகை மான்கி கிடைக்கும்படி செய்தார்கள். நிடோரான் இரட்டை உதையைக் கற்கும் லெவலை 12-க்கு இறக்கினார்கள். ப்ரோக்கின் லெவலையும் குறைத்தார்கள். 2010-இல் வந்த ‘பிளாக்’, ‘ஒயிட்’ விளையாட்டில் முதல் ஜிம்முக்கு மூன்று லீடர்கள். நாம் எடுத்த முதல் போகிமானை வெல்லக்கூடியவர் எவரோ அவரே வந்து நிற்பார். பக்கத்திலேயே ஒரு பெண் அந்த லீடருக்கு மாற்றாக ஒரு குரங்குப் போகிமானை இலவசமாகத் தருகிறாள். ஒருவனையே நம்பி ஊர் சுற்றாதே என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

தொடரின் மிகச் சிறந்த ஜிம் சண்டை எது என்று கேட்டால் நான் நார்மனைத்தான் சொல்வேன். 2002-இன் ‘ரூபி’, ‘சஃபையர்’. ஐந்தாவது லீடர், நம் கதாபாத்திரத்தின் அப்பா. ஆரம்பத்திலேயே போய் அவரைப் பார்க்கலாம். நான்கு பேட்ஜ் வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். மகன் என்பதற்காகச் சலுகை கிடையாது. அவரிடம் இருப்பது ஸ்லேக்கிங். அதன் அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகை 670. அந்த விளையாட்டின் அட்டைப்படத்தில் இருக்கும் க்ரௌடான், கையோகர் என்னும் புராணப் போகிமான்களுக்கும் அதே 670. நடுவழியில் ஒரு ஜிம்மில் இப்படி ஒன்று வருவது அநியாயம்போலத் தோன்றும். ஆனால் அதற்கு ‘ட்ரூவன்ட்’ என்ற குணம் உண்டு: ஒரு சுற்று அடித்தால் அடுத்த சுற்று சோம்பிப் படுத்துக்கொள்ளும். அந்த ஓய்வுச் சுற்றில்தான் நாம் மருந்து போடலாம், ஆளை மாற்றலாம், பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அடிக்கும் சுற்றில் ‘ப்ரொடெக்ட்’ போட்டுத் தடுத்துவிட்டால் அந்த 670-உம் வீண். அப்பா கேட்பது பலத்தை அல்ல, பொறுமையை. அடி விழும்போது தாங்கி, ஓய்ந்த நேரம் பார்த்து எழுகிறாயா என்பதை. ஜெயித்ததும், சண்டையில் கிடைக்கும் பணத்தை இரட்டிப்பாக்கும் காசு ஒன்றை அம்மா வீட்டில் கொடுக்கிறாள். கடலைக் கடக்கும் சர்ஃபும் பக்கத்து வீட்டில் கிடைக்கிறது. கதை, குடும்பம், கணக்கு மூன்றும் ஒரே முடிச்சில் வந்து சேர்ந்த சண்டை அது.

எல்லாம் இப்படிப் பொருந்தி வந்துவிடவில்லை. முதல் விளையாட்டின் லான்ஸ், எலீட் ஃபோரின் கடைசி ஆள், டிராகன்களின் தலைவர். அவரை இயக்கும் நிரலுக்கு ஒரு விதி: எதிரியின் வகைக்கு எது கூடுதலாக உறைக்குமோ அந்த வகைத் தாக்குதலைத் தேர்ந்தெடு. அது அடிக்கும் தாக்குதலா, வெறும் தற்காப்பா என்று அந்த நிரல் பார்ப்பதில்லை. லான்ஸின் டிராகனைட்டிடம் உள்ள அஜிலிட்டி, பேரியர் இரண்டும் மனவகை. நஞ்சுவகைக்கு மனவகை உறைக்கும். ஆகவே நஞ்சு கலந்த வீனசாரை இறக்கினால் லெவல் 62 டிராகனைட் அடிக்காமல் வேகத்தையும் கவசத்தையும் கூட்டிக்கொண்டே நிற்கும். அந்த மாபெரும் டிராகன் மௌனமாக நின்று சாவதைப் பார்த்தபோது எனக்கு வெற்றியாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த விளையாட்டில் லான்ஸ் சாம்பியனாக வருகிறார், மூன்று டிராகனைட்டுகளோடு. லெவல் 47, 47, 50. நாம் வளர்க்கும் டிராகனேர் 55-இல்தான் டிராகனைட் ஆகும். விதிகள் சமம் என்ற உடன்படிக்கை இங்கே மீறப்படுகிறது. நேர்மைக்குப் பெயர் பெற்ற சாம்பியனுக்கு இது ஒட்டவில்லை. ‘பிளாக்’, ‘ஒயிட்’டின் கெட்ஸிஸ் இதையே செய்யும்போது பொருந்துகிறது. 64-இல் உருமாறவேண்டிய ஹைட்ரிகான் அவனிடம் 54-இலேயே இருக்கிறது. ஊரை ஏமாற்றி, வளர்த்த பிள்ளையையே கருவியாக்கியவன் அவன். குறுக்குவழி அவன் கையில் இருப்பது இயல்பு.

சிந்தியாவைப் பற்றி எழுதாமல் இந்த ஆய்வு நிறைவு பெறாது. 2006-இன் ‘டயமண்ட்’, ‘பேர்ல்’. கதை நெடுக அவர் நமக்கு உதவி செய்துகொண்டே வருகிறார்: எட்டர்னா நகரில் ‘கட்’ என்ற உத்தியைத் தருகிறார், சாலையை மறிக்கும் சைடக்குகளுக்கு மருந்து தருகிறார், பாட்டியிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பழைய தாயத்தைக் கொடுத்தனுப்புகிறார். பழங்கதைகளை ஆராயும் பெண் என்றே நினைத்திருக்கிறோம். நால்வரையும் தாண்டிக் கடைசி அறைக்குள் போனால் அங்கே அவர். பியானோ தொடங்குகிறது. முதலில் ஸ்பிரிடோம், அந்தக் காலத்தில் அதற்கு எந்த வகையும் கூடுதலாக உறைக்காது. அட்டவணையைப் படித்துக்கொண்டு வந்தவனுக்கு முதல் கேள்வியிலேயே புத்தகம் மூடப்பட்டுவிட்டது. ஜிம் லீடர்கள் ஒரே வகையோடு நிற்பவர்கள். இவருடைய அணியிலோ கடைசி கார்சாம்ப் வரை எதையும் ஒரே கருவியால் வெட்ட முடியாது. இதுவரை கற்ற எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கேட்கப்படும் தேர்வு. 2022-இல் வந்த ‘லெஜெண்ட்ஸ்: ஆர்சியஸ்’ விளையாட்டில் வோலோ என்னும் வணிகன் அதே ஸ்பிரிடோமோடு எதிரே நின்றபோது, அந்தப் பியானோ திரும்ப ஒலித்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அணி முழுவதையும் வென்ற பின் மூச்சுவிட நேரமின்றி கிராட்டினா, அது விழுந்ததும் உருமாறி மறுபடியும்.

2016-இன் ‘சன்’, ‘மூன்’ ஜிம்களையே எடுத்துவிட்டுத் தீவுச் சோதனைகளை வைத்தது. நல்ல முயற்சி, ஆனால் மனிதர்களின் இடத்தை மிருகங்கள் எடுத்துக்கொண்டன. 2019-இன் ‘சோர்டு’, ‘ஷீல்டு’ ஜிம்மை ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் மைதானமாக்கி, லீடர்களுக்கு எண் போட்ட சட்டை கொடுத்து, இங்கிலாந்துக் கால்பந்தின் சூட்டைக் கொண்டுவந்தது. அதில் ஹோயென் என்ற வேறொரு நிலத்திலிருந்து வந்து குடியேறிய கபு என்ற மூத்தவர் மூன்றாவது லீடர். பலர் தோற்றுத் திரும்புவது அவரிடம்தான்.

2022-இன் ‘ஸ்கார்லெட்’, ‘வயலட்’டில் எந்த லீடரிடமும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அவர்களுடைய லெவல் நம்மோடு சேர்ந்து மாறுவதில்லை. லெவல் 15-ஐத் தாண்டாத லீடர் கேட்டியிடம் கடைசியில் போனால் சண்டை ஒரு மூச்சில் முடியும். வழியைத் திறந்துவிட்டதில் வழிமறிப்பவரின் வேலை தளர்ந்துபோயிற்று. அதிலும் லேரி ஒருவர் உண்டு: அலுவலக வேலைக்காரர், களைத்த முகம், சாதாரண வகைப் போகிமான்கள். மேலதிகாரி சொன்னதால் எலீட் ஃபோரிலும் பறவைவகையோடு வந்து நிற்கிறார், இரண்டு வேலை. அந்த மேலதிகாரி கீட்டா, சாம்பியன். அவருடைய க்ளிம்மோராவை அடித்தால் அது நம் பக்கம் நச்சு முட்களைச் சிதறும். பின்னால் இறங்குபவர்களுக்கெல்லாம் நஞ்சு ஏறும். முதலில் இறக்கினால் சண்டை முழுக்க உதவும். அதை அவர் கடைசிக்கு வைத்திருக்கிறார். கூட்டாளிகள் விழ விழ வலுவடையும் கிங்காம்பிட் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. ஒரு நிலம் முழுவதையும் ஆள்பவராகச் சொல்லப்பட்ட பெண்மணிக்குத் தன் அணியின் வரிசை தெரியவில்லை. இந்தப் பிழை என்னை உண்மையிலேயே உறுத்துகிறது. நார்மனுக்கு ஸ்லேக்கிங்கைத் தேர்ந்தெடுத்த அக்கறை இங்கே இல்லை.

அந்த அக்கறையை ஆட்டக்காரர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நஸ்லாக் என்று பெயர் பெற்ற ஆட்டமுறையில், மயங்கிய போகிமான் இறந்ததாகக் கணக்கு. ஓர் இடத்தில் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். அடுத்த லீடரின் பெரிய போகிமான் எந்த லெவலோ அதைத் தாண்டி வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஆடும்போது விட்னியின் வாசலில் ஒருவர் மணிக்கணக்காகத் தாள் வைத்துக் கணக்குப் போடுகிறார்.

‘கோல்டு’, ‘சில்வர்’ விளையாட்டில் முந்தைய விளையாட்டின் நிலத்தில் கிடைப்பவற்றையும் சேர்த்துப் பதினாறு பேட்ஜும் வாங்கிய பிறகு சில்வர் மலையின் குகைக்குள் போக அனுமதி கிடைக்கும். இருட்டில் தடவி ஏறி, கடைசி மேட்டில் வந்து நின்றால், நமக்கு முதுகு காட்டியபடி ஒரு பையன். முந்தைய விளையாட்டில் நாம் ஆடிய அதே ரெட். லெவல் 81 பிக்காச்சு வைத்திருக்கிறான். பேச்சுக் கொடுத்தால் பெட்டியில் வருவது மூன்று புள்ளிகள் மட்டும். அக்கா மகன் அவனை வென்ற அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். தோற்ற பிறகும் அதே மூன்று புள்ளிகள். திரை ஒருமுறை இருண்டு வெளுத்தபோது ரெட் அங்கே இல்லை. மேடு காலியாக இருந்தது.